மறதி மருந்துக்குக் கூறு போட்டவர்கள்

எலிக்கு மறதி வந்தால் என்ன செய்யும் என்று கேட்டால் நான் ஒரு பொழுது முழுக்கப் பேசுவேன். மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில், ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் அதுதான் என் பிழைப்பு. பெரிய தொட்டியில் கலங்கல் தண்ணீர் நிரப்பி எலியை நீந்தவிடுவோம். தண்ணீருக்கு அடியில் எங்கோ ஒரு சின்ன மேடை இருக்கும். நேற்றுக் கண்டுபிடித்த மேடையை இன்றைக்கு எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்போம். நீர்ப்பிரமிச் சாறு குடித்த எலிகள் கொஞ்சம் சீக்கிரமாகவே கண்டுபிடித்தன. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் தரையோடு படர்கிற சின்னச் செடி அது. அதிலிருந்து சரக்கைத் தனியாகப் பிரித்தெடுத்து மறதிக்கு மருந்தாகுமா என்று பார்ப்பதில் எங்கள் கூடத்துக்குப் பல வருஷம் போயிருந்தது.

மனிதருக்கு மறதி வந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டில் என் அக்கா காட்டிக்கொண்டிருந்தாள். அறுபதுகூட ஆகவில்லை. அடுப்பை மூட்டிவிட்டு மறந்தாள். சாப்பிட்டதை மறந்தாள். ஒருநாள் வேலை முடிந்து வந்த என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஆபீஸ்லருந்து வர்றீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். அந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

அந்தச் சமயத்தில்தான், 2004 தொடக்கத்தில், பெரம்பலூரிலிருந்து சேதி வந்தது. அங்கே ஒரு தனியார் ஆய்வு மையம் நீர்ப்பிரமிச் சரக்கைக் கேப்சூல் மாத்திரைகளில் அடைத்து அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்களுக்குக் கொடுத்து வருகிறதாம். போன நினைவு திரும்புகிறதாம். எங்கள் கூடத்தோடு கூட்டுச் சேர விருப்பமாம். மையத்தின் பெயரைச் சொன்னால் வழக்குப் போடுவார்கள், விடுங்கள். எங்கள் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "நீ போ. நீ யாரையும் நம்ப மாட்டாய்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

நானும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டுதான் கிளம்பினேன். ஆனால் சேதி உண்மையாக இருந்தால் எந்த விதியை மீறியாவது அக்காவுக்கு ஒரு டப்பா எடுத்துக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதைப் பேராசிரியரிடம் சொல்லவில்லை.

பெரம்பலூரில் முதல்நாள் டீக்கடையில் தொடங்கியது. எங்கள் ஊரில் டீயை இழுத்து ஆற்றுவதற்குத் தே தாரிக் என்று பெயர் வைத்து, சுற்றுலாக்காரர்களை நிறுத்திப் படம் எடுக்கவிடுவார்கள். இங்கே கடைக்காரர் அதே வித்தையை, பக்கத்து ஆளோடு ஏதோ நிலத்தகராறு பேசிக்கொண்டே, டம்ளரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் செய்கிறார். டீ என்னவோ இங்கேதான் நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனசில்லை.

நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று லாட்ஜ் மேனேஜரிடம் சொன்னது தப்பாகப் போயிற்று. சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவில் இருந்த அத்தனை பேரும் மருத்துவராகிவிட்டார்கள். மேனேஜர், வல்லாரைத் துவையலை மிஞ்ச ஒன்றுமே கிடையாது என்றார். இட்லிக் கடை அம்மா வெண்டைக்காய் என்றார். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர், காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் தண்ணீர் குடித்தால் எழுபிறப்பும் நினைவுக்கு வரும் என்றார். ஆட்டோக்காரர் ஒருவர்தான் உருப்படியாகப் பேசினார். "மறக்கறதுக்கு எதுனா மருந்து இருந்தா சொல்லுங்க மேடம். எனக்கு அதான் வேணும்." வல்லாரை மேனேஜர் அன்று மட்டும் இரண்டு தடவை வேறு அறைச் சாவியை என் கையில் கொடுத்தார்.

மறுநாள் ஆய்வு மையத்தின் திட்ட அதிகாரி செல்வராசு வந்தார். நாற்பது வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, இடுப்பு பெல்ட்டில் செல்போனுக்கென்று தோல் உறை. செல்போனில் சிக்னல் கிடைக்க மட்டும் மொட்டைமாடிக்கு ஓட வேண்டும். மின்விசிறிக்குக் கீழே என்னை உட்காரவைத்து ஒரு வரைபடத்தை விரித்தார்.

அதில் இரண்டு கோடுகள். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். பக்கத்துப் பக்கத்து வீடுகளாகப் பார்த்து, ஒத்த வயதுக்காரர்களை ஜோடி சேர்த்து, ஒரு வீட்டுக்கு நீலச் சீட்டு ஒட்டிய டப்பாவும் அடுத்த வீட்டுக்கு மஞ்சள் சீட்டு டப்பாவும் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றில் நீர்ப்பிரமிச் சரக்கு, மற்றதில் வெறும் கஞ்சி மாவு. எதில் எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, சாப்பிடுகிறவருக்கும் தெரியாது. மாதத்துக்கு ஒருமுறை போய் நினைவைச் சோதிப்பார்கள். இதுவரைக்கும் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறபடிதான். கஷ்டம் என்னவென்றால், நீலக் கோடும் ஏறியிருந்தது, மஞ்சள் கோடும் ஏறியிருந்தது. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி கைகோத்துக்கொண்டு ஏறியிருந்தன.

"இதில் ஒன்று கஞ்சி மாவு இல்லையா?" என்றேன்.

"ஆமாங்க மேடம்."

"அது எப்படி ஏறும்?"

செல்வராசு கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. "எங்க மண்ணு அப்படிங்க மேடம். கஞ்சி மாவுகூட வேலை செய்யுது பாருங்க!"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இதை நம்பித்தான் விமானம் ஏறி வந்திருக்கிறேன்.

மத்தியானம் செடி சேகரிக்கிற இடத்தைக் காட்ட அரும்பாவூர்ப் பக்கம் கூட்டிப்போனார். தார் ரோட்டில் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு அடுத்தாற்போல, அதே ரோட்டில், நீர்ப்பிரமி காய்ந்துகொண்டிருந்தது. பஸ் ஒன்று வந்து இரண்டின் மீதும் ஏறிப் போயிற்று. எங்கள் ஆய்வுக்கூடத்தில் செடியைத் தொடக் கையுறை போட வேண்டும், தலைக்குக் குல்லா போட வேண்டும். அங்கே காவலுக்கு நின்ற அம்மாவிடம், வண்டி ஏறுகிறதே என்றேன். "ஏறுனாத்தாங்க நல்லாக் காயும்" என்றார். செல்வராசு தலையாட்டினார். மண் ராசியோடு டயர் ராசியும் சேர்ந்துகொண்டது போலிருக்கிறது.

சோதனை நடக்கிற ஊருக்கு வெள்ளிக்கிழமை போவதாக ஏற்பாடு. மாதாமாதம் வெள்ளிக்கிழமைதான் போவார்களாம். எனக்கு வெள்ளிக்கிழமை திருச்சியில் வேறு வேலை இருந்ததால், வியாழனே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். "அவுங்க தயாரா இருக்க மாட்டாங்களே மேடம்" என்றார் செல்வராசு. மறதிக்காரர்கள் எதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்று நான் கேட்டதும் செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினார்.

வியாழக்கிழமை காலையில் மையத்தின் ஜீப் அரியலூர் போகிற வழியில் படுத்துவிட்டது. டிரைவர் இறங்கி, முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், புளிய மரத்தடியில் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். பழுது பார்க்கிற முறை அவ்வளவுதான். மினி பஸ் ஒன்று வந்தது. உள்ளே பாட்டு அலறியது. என் காலடியில் யாரோ ஒருவருடைய சின்ன வெங்காய மூட்டை, மடியில் யாரோ ஒருவருடைய குழந்தை. குழந்தையை என் மடியில் வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. வைத்துவிட்டு, "ஒங்களுக்கு எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டார்கள். மலேசியா என்றேன். "பேசறது பொஸ்தகம் மாதிரி இருக்கேன்னு பாத்தேன்" என்றார் குழந்தையின் தாய். ஈப்போவில் குளிர்சாதன பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தச் சுகத்தை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அரியலூர் முழுக்க வெள்ளைத் தூசி. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகின்றன. மரத்தின் இலை, கடைப் பலகை, எதிரே வருகிறவர் புருவம் எல்லாவற்றிலும் பவுடர் அடித்திருக்கிறது. இந்த ஊர் கொஞ்ச காலம் தனி மாவட்டமாக இருந்ததாம். அப்புறம் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்களாம். ஒரு போர்டில் அரியலூர் மாவட்டம், அடுத்த போர்டில் பெரம்பலூர் மாவட்டம். மாவட்டத்துக்கே தான் யார் என்று நினைவில்லாத இடத்தில் மறதிக்கு மருந்து தேடுகிறேனே என்று நொந்துகொண்டேன்.

கல்லங்குறிச்சி தாண்டி ஒரு சின்ன ஊர். தெருவில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது இரண்டு பெண்கள்தான். ஒருவர் தனபாக்கியம், அறுபதை ஒட்டியவர். அவருடைய கணவர் சின்னசாமிக்குத்தான் மறதி. மற்றவர் பக்கத்து வீட்டு ராசாத்தி. அவருடைய மாமியாருக்கு மறதி. செல்வராசுவின் கணக்கில் இது ஒரு ஜோடி. இருவருக்கும் நடுவே ஒரு முறம். முறத்தில் கேப்சூல் மாத்திரைகள் குவியலாகக் கிடந்தன. தனபாக்கியம் உளுந்து கலப்பதுபோல் அவற்றைக் கையால் அளைந்து, சரிபாதியாக இரண்டு கூறு பிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நீலச் சீட்டு டப்பாவும் மஞ்சள் சீட்டு டப்பாவும் காலியாக நின்றன.

செல்வராசுவின் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னம்மா பண்றீங்க?" என்றார்.

"நாளைக்கில்ல வருவீங்கன்னு சொன்னாங்க" என்றார் தனபாக்கியம். மறைக்கிற எண்ணம் கொஞ்சமும் இல்லை. "மாத்திரையப் பிரிக்கறோங்க."

"கலக்கக் கூடாதுக்கா" என்றேன் நான். "ஏன் கலந்தீங்க?"

"பின்ன என்னங்க? அவுங்களுக்கு ஒரு சீட்டு, எங்களுக்கு ஒரு சீட்டு. எது நல்ல மருந்துன்னு சாரக் கேட்டா, எனக்கே தெரியாதும்மான்னு சிரிக்கறாரு. தெரியாத மருந்த யாராச்சும் குடுப்பாங்களா? ஒண்ணு ஒசத்தி, ஒண்ணு மட்டம். அதான் மறைக்கறாருன்னு புரிஞ்சு போச்சு."

ராசாத்தி சேர்ந்துகொண்டார். "பொங்கலுக்கு ஆடு அடிச்சோம். ஈரலு ஒரு வூட்டுக்கு, எலும்பு ஒரு வூட்டுக்குன்னா கூறு போட்டோம்? எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வெச்சாத்தாங்க கூறு. நாளைக்கு நான் இவுங்க மொகத்துல முழிக்க வேணாமா?"

"தெரு முழுக்க இப்படித்தானா?"

"எல்லா வூட்லயும் இப்படித்தாங்க. ஆனா சீட்டு மட்டும் மாறிடக் கூடாதுன்னு அவுங்கவுங்க டப்பாவப் பத்திரமா வெச்சிருக்கோம்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்துப் பக்கத்து வீடாகப் பார்த்து ஜோடி சேர்த்த மேதை யாரோ, அவர் வாழ்நாளில் ஒரு கறிக் கூறுகூட வாங்கியிருக்க மாட்டார். செல்வராசு நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

சிரிப்பு அடங்குவதற்குள் எனக்கு இன்னொன்று உறைத்தது. எல்லோரும் பாதி மருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அதனால்தான் இரண்டு கோடும் ஒன்றாக ஏறியிருக்கின்றன. கஞ்சி மாவு வேலை செய்யவில்லை. மருந்துதான் வேலை செய்திருக்கிறது, அதுவும் பாதி அளவிலேயே! எனக்கு வந்தது சந்தோஷம் என்றே சொல்லிவிடுகிறேன். முழு அளவு கொடுத்தால் அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், அடுப்பை அணைப்பாள், போன தீபாவளியைப் பற்றிப் பேசுவாள் என்று அந்த முறத்துக்கு முன்னால் நின்றுகொண்டு கண்டபடி கனவு கண்டேன்.

"சோதனையை இப்போதே வைக்கலாம்" என்றேன்.

சின்னசாமியைக் கூட்டிவந்தார்கள். தலையைப் படிய வாரி, நெற்றியில் திருநீறு பூசி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுவிட்டிருந்தார் தனபாக்கியம். நல்ல உயரம். காய்த்துப்போன கைகள். ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். நான் வணக்கம் சொல்ல வாயைத் திறந்தேன்.

"வெள்ளிக்கிழமைங்க. தை மாசங்க. அரியலூருங்க, பெரம்பலூர் மாவட்டங்க. எலுமிச்சம்பழம், சாவி, குதுரைங்க" என்றார் ஒரே மூச்சில்.

செல்வராசுவுக்கு உயிர் திரும்பி வந்தது. "பாத்தீங்களா மேடம்? நாலு மாசத்துக்கு முன்னால இவருக்கு ஒண்ணுமே வராது."

நான் பார்த்தேன். அன்று வியாழக்கிழமை. கேள்வியை நான் இன்னும் கேட்கவேயில்லை. மூன்று வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பது இந்தச் சோதனையின் கடைசிப் பகுதி. அந்த மூன்று வார்த்தைகளை மாதாமாதம் மாற்ற வேண்டும் என்ற சின்ன விஷயம் இவர்களுக்குத் தோன்றவில்லை.

"ஐயா, நான் மூணு வார்த்தை சொல்றேன். நினைவு வெச்சுக்குங்க. பனைமரம், மணி, கத்தரிக்காய்."

அவர் தலையாட்டினார். மழை பெய்ததா, வெங்காயம் என்ன விலை என்று எதையோ பேசினேன். பிறகு கேட்டேன்.

"எலுமிச்சம்பழம், சாவி, குதுரை" என்றார்.

"அது இல்லைங்க ஐயா. இப்போ நான் சொன்னது."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். எழுதிக் காட்ட முடியாத ஒரு பயம் அந்த முகத்தில் இருந்தது. தனபாக்கியத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னங்க நீங்க, கேள்விய மாத்திட்டீங்க? பாடத்துல இல்லாததக் கேட்டா அந்த மனுஷன் எங்க போவாரு?"

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களாம்மா?" என்றார் செல்வராசு, அழாக்குறையாக.

"பரீட்சைன்னு சொன்னது நீங்கதான சார்? பரீட்சைக்குப் படிக்க வெக்காம வுடுவாங்களா? பெயிலாப் போனா பேர எடுத்துருவீங்கன்னுதான் தெனம் வெளக்கு வெக்கற நேரத்துல ஒக்கார வெச்சு, சொல்லு சொல்லுன்னு சொல்ல வெச்சேன். இந்தத் தெருவுல எல்லாரும்தான் படிக்க வெக்கறோம். இவ மாமியாரு இன்னும் சுருக்கா சொல்லும்."

ஆக, கோடு ஏறியது இப்படித்தான். ஈப்போ எலிகளுக்கு யாரும் வீட்டில் பாடம் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனால் அவற்றை நம்பலாம். இங்கே தெருவே சேர்ந்து வாத்தியார் வேலை பார்த்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அத்தனை பேர் மேலும் வந்தது. சற்று முன்னால் முறத்தைப் பார்த்துக் கனவு கண்டேனே, அந்தப் பைத்தியக்காரி மேல்தான் அதிகம் வந்தது.

"இதுல அவருக்கு என்னக்கா லாபம்?" என்று வெடுக்கென்று கேட்டேன். "நினைவு ஒண்ணும் திரும்பலையே."

"திரும்புச்சுன்னு யாரு சொன்னா? எங்க காட்ட சிமெண்டுக்காரனுக்கு வித்து வருசமாச்சு. இன்னிக்கு அது பெரிய பள்ளம். பொழுது சாய்ஞ்சா இவரு மம்முட்டியத் தூக்கிக்கிட்டு, தண்ணி பாய்ச்சிட்டு வரேன்னு கெளம்பிருவாரு. ஓடிப்போயி இழுத்துட்டு வரதே என் வேலையா இருந்துச்சு. பரீட்சை இருக்கு, படிக்கணும்னு சொன்னா ஒக்காந்துக்கறாரு. அவ்வளவுதாங்க." என்னை உற்றுப் பார்த்தவர் குரலைத் தணித்தார். "அதுக்கு நீங்க ஏம்மா கண்ணு கலங்கறீங்க? ஒங்க வூட்லயும் ஆரும் இருக்காங்களா?"

"என் அக்கா" என்றேன்.

தனபாக்கியம் எழுந்தார். உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். வெளியூரில் மோர் குடிப்பதில்லை என்று வைத்திருந்த கொள்கையை விட்டுவிட்டுக் குடித்தேன்.

திரும்புகிற மினி பஸ்ஸில் செல்வராசு என் காதருகே பேசிக்கொண்டே வந்தார். "மேடம், கூறு போட்டத எழுத வேணாம். சமுதாயப் பங்கேற்புன்னு எழுதிடலாம். படிக்க வெச்சத குடும்ப ஆதரவுன்னு போட்டுடலாம்." மனுஷனுக்கு வார்த்தைப் பஞ்சமே இல்லை. இந்தச் சோதனையால் சல்லிக்காசுக்குப் பிரயோஜனம் இல்லை, மருந்து வேலை செய்கிறது என்றும் சொல்ல முடியாது, செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது என்றுதான் எழுதப்போகிறேன் என்றேன். அவர் செல்போனை உறையிலிருந்து எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை.

அரியலூரில் பெரம்பலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எதிரே எஸ்.டி.டி. பூத் தெரிந்தது. வீட்டுக்குப் பேசினேன். அக்காவைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மிஸஸ் லிம் எடுத்து, சாப்பிட்டுவிட்டாள், கிண்ணத்தை மட்டும் எங்கேயோ ஒளித்துவிட்டாள் என்று மலாயில் சொல்லிவிட்டு அக்காவிடம் கொடுத்தாள்.

"யாரு?"

"நான்தாங்க்கா, பரிமளா."

"எங்கடி இருக்கே? இருட்டிப் போச்சே."

"அரியலூர்ல."

"அது எந்தப் பக்கம்? பஸ் இருக்கா?"

"இருக்கு. வந்துடுவேன்."

சொல்ல வேறு என்ன இருக்கிறது? மருந்து இல்லை என்று சொல்லலாம். மருந்து தேடிப் போனதே அவளுக்குத் தெரியாது. லாரி ஒன்று பூத்தை ஒட்டிக்கொண்டு போயிற்று. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"அக்கா, இன்னிக்கு என்ன கிழமை?"

அக்கா ரிசீவரைக் காது மாற்றிப் பிடிக்கிற சத்தம் கேட்டது.

"எதுக்குக் கேக்கறே?"

"சும்மா. ஒரு பரீட்சை."

"யாரு வெக்கிறது?"

"நான்தான்."

"நீதானே வெக்கிறே?" என்றாள் அக்கா, நிம்மதியாக. "அப்ப பதிலையும் நீயே சொல்லிக் குடுத்துடேன்."

பூத்துக்காரரும், வெளியே நின்ற இரண்டு பேரும், செல்வராசுவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் லாரிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன்.

"வியாழக்கிழமை, அக்கா. எங்கே, சொல்லு. வியாழக்கிழமை."